உடைந்த முட்டிச் சில்லு: அறுவைக்குப் பின் எப்போது, எவ்வளவு மடக்குவது

முட்டிச் சில்லு உடைந்து கம்பி வைத்தவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "எப்போது நடக்கலாம்?" என்பதுதான். பெரும்பாலோர் மறுநாளே நடக்கிறார்கள். முட்டியைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் போட்டு, முட்டியை நீட்டியபடி பூட்டி, ஊன்றுகோலோடு நடப்பதில் பெரிய ஆபத்து இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த வாரத்தில் எத்தனை டிகிரி மடக்கலாம்? அவசரப்பட்டு மடக்கினால் கம்பி கழன்று எலும்பு விலகும். பயந்துபோய் மடக்காமலே இருந்தால் முட்டி இறுகிவிடும். அறுவை நன்றாக நடந்தும் கால் சரியாக வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் சிக்கியவர்கள்தாம்.

சில்லு, சிப்பி, முட்டிக் கிண்ணம் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்லும் இந்த எலும்பு, தொடையின் முன்தசை கீழே இறங்கி கணைக்கால் எலும்பில் பிடிக்கும் தசைநாருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. கிணற்று ராட்டினம் கயிற்றுக்குச் செய்கிற வேலையை இது அந்தத் தசைநாருக்குச் செய்கிறது. படியிறங்கும்போது உடல் எடையைப்போல் மூன்று மடங்கு அளவு அழுத்தம் இதன் மேல் விழும். அதனால் இது குறுக்காக இரண்டாக உடைந்தால் தொடைத் தசை மேல்துண்டை மேலே இழுத்துக்கொள்ளும், கீழ்த்துண்டு கீழேயே நின்றுவிடும். தானாக ஒட்டட்டும் என்று விட முடியாததற்குக் காரணம் இந்த இழுப்புதான்.

விழுந்த அன்று

மழையில் நனைந்த நடைபாதை, ஈரமான மீன் சந்தைத் தரை, மோட்டார் சைக்கிள், கட்டுமானத் தளம் என்று எங்கே விழுந்தாலும் முதல் வேலை ஒன்றே. காலை நீட்டிய நிலையில் வைத்து, அட்டைப் பெட்டியோ தலையணையோ கொடுத்து, முட்டிக்கு மேலும் கீழும் துணியால் கட்டுங்கள். முட்டியின் மேலேயே கட்ட வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மருத்துவர் பார்க்கும் வரை எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், அன்றே அறுவை என்று முடிவானால் வெறும் வயிறு தேவைப்படும்.

பக்கத்து வீட்டு அக்கா கோடாலித் தைலத்தோடு வருவார், இன்னொருவர் சீன மருத்துவரான சின்சேயிடம் போய் நீவிவிடலாம் என்பார். அன்பு புரிகிறது, ஆனால் உடைந்த சில்லை நீவினால் துண்டுகள் இன்னும் விலகும். முட்டியின் மேல்தோல் கிழிந்து இரத்தம் வந்தால் அது திறந்த முறிவாக இருக்கலாம். சுத்தமான துணியால் மூடி, சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள். திறந்த முறிவில் கிருமி எலும்பு வரை போகும் என்பதால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில்லு உடைந்திருந்தாலும் முட்டியைப் பூட்டியதுபோல் நேராக வைத்துக்கொண்டு சமதரையில் நடந்துவிட முடியும். "நடக்கிறாரே, ஒன்றும் இல்லை" என்று இரண்டு நாள் கழித்து வருகிறவர்கள் உண்டு. படியிறங்கும்போதுதான் கால் மடங்கி விழுவார்கள். மருத்துவர் செய்யும் சோதனை எளிது: மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்கச் சொல்வார். தூக்க முடியாவிட்டால் நீட்டும் அமைப்பு அறுந்திருக்கலாம். மூட்டுக்குள் இரத்தம் தேங்கி வலித்தாலும் தூக்க வராது. அதனால் சில சமயம் ஊசியால் இரத்தத்தை எடுத்துவிட்டு மறுபடி தூக்கச் சொல்வார்கள். வீட்டில் நீங்களே திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள்.

பிறவியிலேயே சில்லு இரண்டு துண்டாக இருப்பவர்களும் உண்டு. வழக்கமாக மேல் வெளிப்பக்க மூலையில் ஒரு சிறு துண்டு தனியாகத் தெரியும், விளிம்பு வழவழப்பாக இருக்கும். எக்ஸ்ரேயில் அது முறிவைப்போலவே தோன்றும், அடுத்த முட்டியையும் படம் எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

எப்போது அறுவை, எப்போது வேண்டாம்

துண்டுகளுக்கு நடுவே இடைவெளி 2 முதல் 3 மி.மீ.க்குள் இருந்து, உள்பக்கக் குருத்தெலும்புப் பரப்பில் மேடுபள்ளம் 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்து, காலை நீட்டித் தூக்கவும் முடிந்தால் அறுவை தேவையில்லை. 4 முதல் 6 வாரம் காலை நீட்டியபடி பிரேஸிலோ கட்டிலோ வைத்தால் போதும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் துண்டுகள் சத்தமில்லாமல் விலகலாம் என்பதால் இடையிடையே எக்ஸ்ரே எடுப்பார்கள். வலி குறைந்துவிட்டது என்று அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

அறுவை என்று முடிவானால் திறந்த முறிவைத் தவிர மற்றவை சில நாள் காத்திருக்கலாம். முட்டியின் மேல்தோல் சிராய்த்தோ கொப்புளித்தோ இருந்தால் அது ஆறட்டும் என்று வேண்டுமென்றே தள்ளிப்போடுவார்கள். வார்டில் படுத்துக்கொண்டு "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று கோபப்படுகிறவர்களுக்கு இது தெரிந்தால் நல்லது. நீரிழிவு மாத்திரைகள், குறிப்பாக எம்பாகிளிஃப்ளோசின் வகை, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, ஆஸ்பிரின், மீன் எண்ணெய், ஊரிலிருந்து வந்த லேகியம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். புகை எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும், தையல் போட்ட தோலும் சரியாக ஆறாது.

செலவு பற்றி அறுவைக்கு முன்பே கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பி2, சி வகுப்பு வார்டுகளில் குடியுரிமை பெற்றோருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு, மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு இரண்டையும் பயன்படுத்தலாம். கீல் வைத்த பிரேஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறதா என்பதையும் அதே மேசையில் கேட்டுவிடுங்கள்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கத்திலோ, முட்டியின் நடுவில் நீளவாக்கில் கீறித் திறப்பார்கள். குறுக்கே இரண்டாக உடைந்த சில்லுக்குப் பழைய, நம்பகமான முறை டென்ஷன் பேண்ட் வயரிங். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக 1.6 முதல் 2 மி.மீ. பருமனுள்ள இரண்டு கே-வயர் கம்பிகளை இணையாகச் செலுத்துவார்கள். பிறகு 1 மி.மீ. அல்லது சற்றுத் தடித்த எஃகுக் கம்பியை அந்த நான்கு முனைகளைச் சுற்றி, சில்லின் முன்பக்கத்தில் எட்டு வடிவில் போட்டு முறுக்குவார்கள்.

இதில் நுட்பம் என்னவென்றால், முட்டியை மடக்கும்போது முறிவின் முன்பக்கம் வாய் பிளக்கப் பார்க்கும். முன்பக்கத்தில் இருக்கும் எட்டுக் கம்பி அதைப் பிளக்க விடாது. அதனால் அந்த இழுவிசை பின்பக்கத்தில், குருத்தெலும்புப் பக்கத்தில், அழுத்தமாக மாறித் துண்டுகளை இன்னும் நெருக்கும். அளவோடு மடக்குவது கம்பிக்கு எதிரி அல்ல. எதிரி இரண்டு: எடையைத் தாங்கியபடி மடக்குவதும், மடங்கிய காலைத் தொடைத் தசையால் வெடுக்கென்று நீட்டுவதும்.

கே-வயருக்குப் பதிலாக நடுவே துளையுள்ள 4 மி.மீ. திருகாணிகளைப் போட்டு, அந்தத் துளை வழியாகவே கம்பியை இழுத்துக் கட்டுவதும் உண்டு. முனை தோலில் குத்தும் தொல்லை அதில் குறைவு. பல துண்டாக நொறுங்கியிருந்தால் சிறு தகடு, சுற்றிக் கட்டும் கம்பி, பலமான தையல் நூல் என்று கலந்து செய்வார்கள். கீழ்முனை மட்டும் பொடியாக உடைந்திருந்தால், அந்தப் பொடித்துண்டை எடுத்துவிட்டுத் தசைநாரை மிச்ச எலும்போடு துளையிட்டுத் தைப்பதும் உண்டு. இந்த வகையில் மடக்கும் அட்டவணை இன்னும் மெதுவாகப் போகும், அதனால் அடுத்த படுக்கைக்காரரின் அட்டவணையோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். சில்லின் இரு பக்கமும் கிழிந்த சவ்வையும் தைக்க வேண்டும். எக்ஸ்ரேயில் அது தெரியாது.

வீடு திரும்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள்: "அறுவை மேசையில் எத்தனை டிகிரி வரை மடக்கிப் பார்த்தபோது முறிவு அசையாமல் இருந்தது?" பிசியோவுக்கு (இயன்முறை சிகிச்சையாளருக்கு) வேறு எந்தத் தகவலையும்விட இந்த எண் உதவும்.

பிரேஸும் தலையணையும்

கீல் பிரேஸின் வட்டுகள் முட்டியின் இரு பக்கமும், சில்லின் நடுமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். நடக்க நடக்க அது கீழே சறுக்கும். இரண்டு விரல்கடை இறங்கினாலே வட்டில் 30 என்று பூட்டியிருப்பது உள்ளே வேறு கோணமாகிவிடும். எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி, பிரேஸை மேலே இழுத்து, முட்டியை ஒட்டிய பட்டைகளை முதலில் இறுக்கி, பிறகு தொடையிலும் கணுக்காலுக்கு மேலும் உள்ளவற்றை இறுக்குங்கள். வட்டில் உள்ள ஊசியையோ பொத்தானையோ நகர்த்தும் வேலை பிசியோவுக்கோ மருத்துவருக்கோ உரியது. இரவில் அரிக்கிறது என்று கழற்றிவிட்டுத் தூங்கி, கழிவறைக்கு எழுந்து, மடங்கி விழுந்து, இரண்டாம் முறை அறுவைக்குப் போவது உண்மையிலேயே நடக்கிற கதை.

வீட்டார் செய்யும் அன்பான தவறு, முட்டிக்குக் கீழே தலையணை வைப்பது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி சற்று மடங்கிய நிலையிலேயே இறுகி, முழுதாக நீளாமல் போகும், பிறகு நொண்டல் நிரந்தரமாகும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முட்டி காற்றில் தொங்கி நேராகட்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிக்கல் குளியலறைதான். காலை மடக்காமல் கழிவறை இருக்கையில் உட்கார முன்னால் இடம் வேண்டும், ஒரு சிறு முக்காலியில் குதிகாலை நீட்டி வையுங்கள். குளியலறை வாசலில் உள்ள சிறு மேடு ஊன்றுகோலைத் தடுக்கும், முதல் நாளே ஒத்திகை பாருங்கள். வழுக்காத விரிப்பும் பிளாஸ்டிக் நாற்காலியும் போதும். மூத்தோர் இருக்கும் வீடென்றால் வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிக் கம்பி பொருத்த மானியம் கிடைக்கும். தையலோ ஸ்டேப்பிளோ 10 முதல் 14 நாளில் எடுக்கப்படும், அதுவரை காயம் நனையக் கூடாது.

வாரக் கணக்கு

கீழே வருவது பொதுவான கணக்கு. உங்கள் அறுவை மருத்துவர் எழுதித் தந்தது இதற்கு மாறாக இருந்தால் அவருடையதே செல்லும்.

முதல் இரண்டு வாரம் பிரேஸ் பூஜ்யத்தில் பூட்டியிருக்கும், சில மருத்துவர்கள் 30 டிகிரி வரை மெல்ல மடக்க அனுமதிப்பார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு 20 முறை கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

அடுத்தது தொடைத் தசையை எழுப்புவது. அடிபட்ட மறுநாளிலிருந்தே அந்தத் தசை அணைந்ததுபோல் ஆகிவிடும், வீக்கம் அதை அணைத்து வைக்கும். சுருட்டிய சிறு துண்டைக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையை நோக்கி அழுத்துங்கள். சரியாகச் செய்கிறீர்களா என்று கண்ணால் பார்க்கலாம்: சில்லு தொடையை நோக்கி ஒரு நூல் அளவு ஏற வேண்டும், அதற்கு மேல் உள்பக்கம் துளி போன்ற தசை ஒன்று புடைக்க வேண்டும். புடைக்காமல் பிட்டம் மட்டும் இறுகினால் அது வேறு தசை. ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். 10 முறை, ஒரு நாளில் ஐந்தாறு வேளை. ஒரு வாரமாகியும் தசை அசையவில்லை என்றால் மின்தூண்டல் கருவி வைக்க முடியுமா என்று பிசியோவிடம் கேளுங்கள்.

இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரை 30லிருந்து 60, நான்கிலிருந்து ஆறு வரை 90. இந்தக் கட்டத்தில் மடக்குவது உங்கள் வேலை, நீட்டுவது அடுத்த காலின் வேலை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நல்ல காலை அடிபட்ட கணுக்காலுக்குக் கீழே கொடுங்கள். நல்ல கால் தாங்கியபடி மெல்ல இறங்கட்டும், 10 எண்ணுங்கள், பிறகு நல்ல காலே அதைத் தூக்கிக்கொண்டு மேலே வரட்டும். படுத்துச் செய்யும்போது டைல்ஸ் தரையில் பாய் விரித்து, குதிகால் மட்டும் தரையில் இருக்கும்படி, சாக்ஸ் போட்டு வழுக்கிப் பின்னால் இழுங்கள். பாயின் மேல் இழுத்தால் உராய்ந்து தொடைத் தசை எதிர்க்கும்.

எத்தனை டிகிரி என்பதை மனக்கணக்காகச் சொல்லாதீர்கள். குதிகாலிலிருந்து பிட்டம் வரை எத்தனை செ.மீ. என்று ஒவ்வொரு ஞாயிறும் அளந்து நாட்காட்டியில் குறியுங்கள். எண் குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டு வாரம் ஒரே எண் நின்றால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் பிசியோவை அழையுங்கள். மடக்கும்போது இழுப்பது போன்ற வலி இருக்கும், நிறுத்தியவுடன் அடங்கும். கூர்மையாகச் சில்லின் மேலேயே குத்தினாலும், மறுநாள் முட்டி பந்துபோல் வீங்கினாலும் அது அதிகப்படி.

ஆறாம் வார எக்ஸ்ரே முக்கியமானது. எலும்பு சேர்வது தெரிந்தால் பிரேஸைத் திறந்து நடக்கத் தொடங்குவார்கள். படத்தைவிட முக்கியமான இன்னொரு சோதனை, காலை நீட்டித் தூக்கும்போது முட்டி சற்றும் தொய்யாமல் நேராக இருக்கிறதா என்பது. தொய்ந்தால் பிரேஸை விட்டுவிட வேண்டாம்.

ஆறு முதல் 12 வாரம் வரை உடற்பயிற்சி மிதிவண்டி நல்லது. இருக்கையை உயரமாக வையுங்கள். முழுச்சுற்று மிதிக்க 105 டிகிரி அளவு தேவை, அதுவரை முன்னும் பின்னும் அரைச்சுற்று ஆட்டினால் போதும். காயம் முழுதாக மூடியபின் நீச்சல் குளத்தில் இடுப்பளவு நீரில் நடக்கலாம். உட்கார்ந்து காலால் எடையைத் தூக்கும் இயந்திரத்தை மூன்று மாதம் வரை தொடாதீர்கள், உடைந்த இடத்தை நேரடியாக இழுக்கும் வேலை அது. மூன்றாம் மாதத்தில் 120 டிகிரி எதிர்பார்க்கலாம். அப்போதும் 90ஐத் தாண்டவில்லை என்றால், எலும்பு ஒட்டியது உறுதியானபின், மயக்கம் கொடுத்து மடக்குவதையோ சிறு துளை வழியாக உள்ளே ஒட்டிய தழும்புத் திசுவைப் பிரிப்பதையோ மருத்துவர் பேசுவார்.

படி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். லிஃப்ட் பழுதாகும் நாளுக்காகவாவது இதை ஒரு முறை பழகி வையுங்கள்.

வேலை, வண்டி, விமானம், வழிபாடு

காலை நீட்டி வைக்க இடமுள்ள மேசை வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்புகிறவர்கள் உண்டு. நின்று செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று மாதம், சாரம் ஏறி இறங்கும் வேலைக்கு நான்கு முதல் ஆறு மாதம். வேலையிடத்தில் விழுந்திருந்தால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும்: சிகிச்சைச் செலவு முதலாளியுடையது, மருத்துவமனை விடுப்பில் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குப் பின் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஓராண்டு வரை. வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இது உண்டு. மருத்துவ விடுப்புச் சீட்டு, எக்ஸ்ரே அறிக்கை எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குள் மனிதவள அமைச்சிடம் கோரிக்கை போட வேண்டும்.

ஆட்டோ கியர் காரில் இரண்டு மிதிகளும் வலது காலுக்கு உரியவை என்பதால், இடது முட்டி உடைந்தவர் சீக்கிரம் ஓட்டலாம். வலது முட்டி என்றால் பிரேஸ் கழன்று, தயங்காமல் பிரேக்கை ஓங்கி மிதிக்க முடியும் வரை ஓட்ட வேண்டாம். மோட்டார் சைக்கிளில் இரண்டு காலுக்கும் வேலை இருக்கிறது, அதில் இன்னும் பொறுமை வேண்டும்.

தேறும்வரை ஊரில் இருக்கலாம் என்று முதல் வாரத்திலேயே சென்னைக்கு டிக்கெட் எடுப்பது வழக்கமாகிவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் கால் அசையாமல் உட்காருவது கெண்டைக்கால் இரத்தக்கட்டிக்கு அழைப்பு. முடிந்தால் ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு, காலை நீட்ட இடமுள்ள இருக்கை வாங்குங்கள்.

மண்டியிடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். மடக்கும் கோணம் ஒன்று, கம்பியின் மேல் முழு எடையும் விழுவது இன்னொன்று. கோயிலில் விழுந்து வணங்குவதையும் சப்பணமிட்டு உட்காருவதையும் நான்கைந்து மாதம் ஒத்தி வையுங்கள், பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுங்கள். தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை 3 கி.மீ.க்கு மேல் காவடி சுமப்பதெல்லாம் தொடைத் தசை இரு பக்கமும் சமமாகும் வரை வேண்டாம். பால்குடத்துக்கும் இதே விதிதான்.

உடனே போக வேண்டிய நேரங்கள்

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்திலிருந்து சீழ் அல்லது நாள்கணக்கில் கசிவு, பரவும் சிவப்பு: அன்றே மருத்துவமனை. 'டப்' என்று சத்தம் வந்து, நேற்றுவரை தூக்கிய காலை இன்று தூக்க முடியவில்லை என்றால் காலைப் பூட்டிக்கொண்டு அவசரப் பிரிவு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி என்றால் 995.

தழும்புக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு மரத்துப் போயிருப்பது இந்த அறுவையில் சகஜம். தோலுக்கான ஒரு சிறு நரம்பு கீறலில் அறுபடுவதால் வருவது அது. நடைக்கும் பலத்துக்கும் பாதிப்பில்லை, பரப்பு மெல்லச் சுருங்கும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

அதிகம் பேர் திரும்பி வருவது கம்பி உறுத்துவதால்தான். சில்லின் மேல் தோலும் மெல்லிய சவ்வும் தவிர வேறு சதை கிடையாது, கம்பி முனை ஒரு மி.மீ. நகர்ந்தாலும் விரலுக்குத் தட்டுப்படும். உறுத்தல் இல்லாவிட்டால் எடுக்க வேண்டிய அவசியமில்லை. எடுப்பதென்றால் எலும்பு முழுதாக ஒட்டியபின், வழக்கமாக ஓராண்டை ஒட்டிச் செய்வார்கள், அன்றே வீடு திரும்பலாம். தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரப் பார்க்கும் கம்பி மட்டும் அத்தனை நாள் காத்திருக்காது. எடுத்த பிறகு கம்பி இருந்த துளைகள் நிரம்பும் வரை எலும்பு சற்றுப் பலவீனமாகத்தான் இருக்கும். மறுநாளே நடக்கலாம், ஓடுவதும் குதிப்பதும் ஆறு வாரம் தள்ளி.